டிசம்பரில் காலியான ஊர்கள்

967

இங்கிலாந்தின் தெற்கில், வில்ட்ஷயரில், சாலிஸ்பரி சமவெளி என்ற அகன்ற சுண்ணாம்பு மேட்டுநிலம் இருக்கிறது. அதன் நடுவே ஒரு பள்ளத்தாக்கில் அமைந்த ஊர் இம்பர். இந்த ஆண்டின் ஆவணம் ஒன்றில்தான் ஊரின் பெயர் முதன்முதலாக வருகிறது. 1086-இல் முதலாம் வில்லியம் எடுப்பித்த டூம்ஸ்டே பதிவேட்டிலும் இம்பர் உண்டு. ஊரின் மேட்டில் நிற்கும் புனித ஜைல்ஸ் தேவாலயம் 13-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. வீடுகள் ஓர் ஓடையை ஒட்டி வரிசையாக இருந்தன. இம்பர் டாக் என்ற அந்த ஓடை குளிர்காலத்தில் பெருகித் தெருவுக்குள் வந்துவிடும். எந்தப் பட்டணத்துக்குப் போவதானாலும் ஆளரவமற்ற மேட்டைப் பல மைல் தூரம் கடந்தாக வேண்டும். பல நூற்றாண்டுகள் ஊரை அதன் போக்கில் வாழவிட்ட இந்தத் தனிமையே கடைசியில் அதற்குப் பகையானது.

1839, அக்டோபர் 21

டிவைசஸ் சந்தைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த மாத்யூ டீன் என்ற இம்பர் விவசாயியை நான்கு பேர் வழிமறித்துக் கொள்ளையடித்தார்கள். டீன் விடவில்லை, ஆட்களைத் திரட்டிக்கொண்டு துரத்தினார். ஓடிய களைப்பில் பெஞ்சமின் கோல்க்ளஃப் என்ற கொள்ளையன் மேட்டிலேயே விழுந்து செத்தான். மற்ற மூவரும் பிடிபட்டு, 15 ஆண்டு நாடுகடத்தல் தண்டனை பெற்றார்கள். இந்தச் செய்தியைப் பொறித்த நினைவுக்கற்கள் அந்த வட்டாரத்தில் இன்றும் நிற்கின்றன. ஊரில் பாப்டிஸ்ட் சபையார் தங்களுக்கென ஒரு சிற்றாலயம் கட்டிக்கொண்டதும் இதே ஆண்டில்தான்.

1851

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இம்பருக்கு 440 பேர். ஊர் இதைவிடப் பெருத்ததில்லை. உழவும் ஆடு வளர்ப்பும்தான் பிழைப்பு. அவற்றோடு அக்கம்பக்கத்து மாவட்டங்கள் வரை பேர்பெற்ற கைத்தொழில் ஒன்றும் இருந்தது: பனிக்குட்டை வெட்டுவது. சுண்ணாம்புப் பாறையில் தண்ணீர் நிற்காது, உள்ளே இறங்கிவிடும்; மேட்டில் மேயும் ஆடுகளுக்கோ தண்ணீர் வேண்டும். அதனால் வட்டமாக ஆழமில்லாத பள்ளம் தோண்டி, களிமண்ணை மிதித்துக் குழைத்துத் தளமாக அடித்து இறுக்குவார்கள். புழுக்கள் துளைக்காதபடி அதில் சுண்ணாம்பு பரப்புவார்கள்; வெயில் பட்டுக் களிமண் வெடிக்காதபடி வைக்கோலும் மண்ணும் போட்டு மூடுவார்கள். பனிக்குட்டை என்று பெயர் இருந்தாலும் அதை நிரப்பியது பெரும்பாலும் மழைதான். அறுவடை முடிந்ததும் இம்பர்க்காரர்கள் கருவிகளோடு கிளம்பி, வசந்தம் வரும்வரை ஊர் ஊராகக் குட்டை வெட்டிவிட்டுத் திரும்புவார்கள். ஊர் அழிந்த பிறகு இந்தத் தொழிலின் நுணுக்கம் முதியவர்கள் சொன்ன கதைகளில் மட்டுமே தங்கியது.

இதற்குப் பிறகு ஆள் குறையத் தொடங்கியது. 1931 கணக்கெடுப்பில் 152 பேரே இருந்தார்கள்.

1897

போர் அமைச்சகம் சாலிஸ்பரி சமவெளியில் பயிற்சிக்காக நிலம் வாங்கத் தொடங்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் அந்தக் கொள்முதல் இம்பர் வரை வந்துவிட்டது. விவசாயம் நொடித்திருந்த காலம் அது. அரசு நல்ல விலை கொடுத்தது. விற்றவர்களே குறைந்த வாடகைக்கு அங்கேயே உழுதுகொள்ளலாம் என்றும் விட்டது. மறுக்க யாருக்கும் காரணம் தெரியவில்லை. இரண்டாம் உலகப் போர் வந்தபோது தேவாலயம், பாதிரியார் வீடு, சிற்றாலயம், பள்ளிக்கூடம், பெல் என்ற மதுக்கடை நீங்கலாக ஊர் ஏறக்குறைய முழுவதும் ராணுவத்தின் சொத்து. பின்னாளில் மக்களுக்குச் சட்டம் துணை நிற்காமல் போனதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. வீட்டில் குடியிருந்தவர்கள் சட்டத்தின் முன் வெறும் வாடகைதாரர்கள்.

1940, ஜூன்

போர்க்காலத்தில் பயிற்சிக்காக ஊரை இழந்தவர்களில் இம்பர் மக்கள் முதலாமவர்கள் அல்லர். வேல்ஸ் நாட்டின் எப்பின்ட் மலையில் 54 வீடுகளைச் சேர்ந்த 219 பேர் இந்தக் கோடையில் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் வேல்ஸ் மொழி பேசிய மலை விவசாயிகள். அந்த மொழி வழங்கிய எல்லையே மலையின் அந்தப் பக்கத்தில் ஒரேயடியாகப் பின்வாங்கியது. நாட்டார் வழக்காற்று அறிஞர் ஐயோர்வெத் பீட் அந்த நாட்களில் அங்கே போயிருந்தார். வாசலில் அழுதுகொண்டிருந்த ஒரு மூதாட்டி, இங்கே உலகமே முடிந்துபோயிற்று, நீ வந்த வழியே திரும்பிப் போ என்று தம்மிடம் சொன்னதை அவர் பதிந்து வைத்தார். எப்பின்ட் பீரங்கிப் பயிற்சிக் களமாக இன்றும் தொடர்கிறது.

1942, ஏப்ரல் 13

இம்பர் பயிற்சிக் களத்தில் போர் விமானங்களின் தாக்குதல் திறனைக் காட்டும் ஒத்திகை நடந்தது. ஹரிக்கேன் விமானி ஒருவர் இலக்கைத் தவறாகக் கணித்து, பார்வையாளர் கூட்டத்தின் மீதே சுட்டுவிட்டார். 25 பேர் இறந்தார்கள்; 71 பேர் காயமடைந்தார்கள். ஊர் மக்களுக்கு இதற்குள் வெடிச்சத்தம் அன்றாடமாகிவிட்டிருந்தது.

1943, நவம்பர் 1

இம்பர் மக்கள் பள்ளிக்கூடத்துக்கு அழைக்கப்பட்டார்கள். ஐரோப்பியப் படையெடுப்புக்கு முன் அமெரிக்க வீரர்கள் தெருச்சண்டை பழக ஊர் தேவைப்படுகிறது, 47 நாட்களில் காலி செய்ய வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. போர் முடிந்ததும் திரும்பி வரலாம் என்றே கூடியிருந்தவர்கள் புரிந்துகொண்டார்கள். பிற்காலத்துப் போராட்டம் முழுவதும் இந்த ஒரு நம்பிக்கையைச் சுற்றியே நடந்தது. மக்கள் கையில் மறுக்க முடியாத எழுத்து எதுவும் இல்லை. காதால் கேட்டதும் நெஞ்சில் நின்றதும்தான் இருந்தன. போர்க்காலத்தில் அரசிடம் எழுதி வாங்கு என்று யாரும் எவருக்கும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள்.

1943, டிசம்பர் 17

கடைசி நாள். பெரும்பாலானோர் எதிர்ப்புக் காட்டவில்லை. நாட்டுக்குச் செய்யும் கடமை என்றே எடுத்துக்கொண்டார்கள். சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்ற எண்ணத்தில் சமையலறை அலமாரியில் டின் உணவுகளை அப்படியே விட்டுப்போன குடும்பங்களும் உண்டு. ஒரு விவசாயி மறுத்துவிட்டதாகவும், படைவீரர்கள் அவரைக் கட்டாயப்படுத்தி வெளியேற்றியதாகவும் சொல்வார்கள்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஊர்க் கொல்லராக இருந்தவர் ஆல்பர்ட் நாஷ். தம் பட்டறைக்கல்லின் மேல் சாய்ந்து அவர் விம்மி அழுததைக் கண்டதாக இம்பர் மக்கள் தலைமுறை தாண்டியும் சொல்லிவந்தார்கள். ஊரைவிட்டுப் போனவர்களில் முதலில் இறந்தவரும் அவரே. அவருடைய உடல் இம்பருக்கே கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. மனம் உடைந்து செத்தார் என்பது ஊராரின் தீர்ப்பு. மருத்துவச் சான்றிதழில் அந்தக் காரணத்தை எழுத இடமில்லை. ஆனால் ஒரு மனிதனிடமிருந்து ஊரையும் தொழிலையும் ஒரே நாளில் பிடுங்குவது என்னவென்று அறிய இம்பரில் இதைவிட நேரான சாட்சி கிடையாது.

1943, டிசம்பர் 19

இரண்டே நாள் கழித்து, டோர்செட் கடற்கரையில், வொர்பாரோ குடாவை ஒட்டிய டைன்ஹாமும் காலியானது. லல்வர்த் பீரங்கிப் பயிற்சிப் பள்ளிக்கு, டாங்கிகள் சுட்டுப் பழக, ஏறக்குறைய 3,000 ஹெக்டேர் நிலம் எடுக்கப்பட்டது. 225 பேர் இடம்பெயர்ந்தார்கள். கிளம்பும்போது தேவாலயக் கதவில் ஒரு கடிதத்தைக் குத்திவிட்டுப் போனார்கள். தலைமுறைகளாக வாழ்ந்த வீடுகளைப் போரில் வெல்வதற்காகக் கொடுத்துவிட்டுப் போகிறோம், ஒருநாள் திரும்புவோம், தேவாலயத்தையும் வீடுகளையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். இந்த வேண்டுகோளுக்கு எழுத்தில் பதில் வரவில்லை.

1948

போர் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகியும் டைன்ஹாம் மக்களுக்கு அழைப்பு வரவில்லை. இந்த ஆண்டு அரசு கட்டாயக் கொள்முதல் ஆணை பிறப்பித்து நிலத்தை நிரந்தரமாக எடுத்துக்கொண்டது. ஜெர்மனி வீழ்ந்தாலும் சோவியத் யூனியனோடு பகை மூண்டிருந்ததால் பயிற்சிக்களம் தொடர்ந்து தேவை என்றது அரசு. பாதுகாப்புத் தேவை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் திரும்பலாம் என்ற நம்பிக்கையைப் பொய்யாக்க வேண்டியிருக்கிறது என்று மக்களைக் கூப்பிட்டு நேராகச் சொல்வதும், அவர்கள் இழந்ததற்கு ஈடாக நல்ல இழப்பீடு தருவதும் அரசின் கடமை. வாடகைதாரர்களுக்குக் கிடைத்தது சொற்பம்.

1952

இம்பர் தேவாலயத்தில் கிடந்த இரண்டு கற்சிலைகள் எடிங்டன் ஊர்த் தேவாலயத்துக்கு மாற்றப்பட்டன. ரூஸ் குடும்பத்தின் இடைக்கால வீரர்களைக் காட்டுபவை அவை. ஊருக்குச் சொந்தமான பழம்பொருள் இனி ஊருக்குத் திரும்பாது என்பது அப்போதே பலருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

1956

டைன்ஹாமின் நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்து அங்கேயே வளர்ந்த லிலியன் பாண்ட், தம் ஊரைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். ஆள் வாழ்ந்த டைன்ஹாம் எப்படி இருந்தது என்பதை உள்ளிருந்து சொன்ன நூல் அது. பெரிய வீட்டின் கண் வழியாகவே ஊரைக் காட்டுகிறது என்று குறை சொல்லலாம். மீனவர் குடிசையில் இருந்து எழுதியிருந்தால் வேறு ஊர் தெரிந்திருக்கும். ஆனாலும் எழுதிவைத்தவர் அவர். கூரை இடிந்து நின்ற வீடுகளுக்குள் யார் இருந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று பிறர் கேட்கத் தொடங்கியதில் அந்த நூலுக்குப் பங்குண்டு. இம்பருக்கு அப்படியொரு வரலாறு கிடைக்க 2001 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ரெக்ஸ் சாயர் என்ற எழுத்தாளர் எஞ்சியிருந்த முதியவர்களின் நினைவுகளையும் ஆவணங்களையும் சேர்த்து அதை எழுதினார்.

1961, ஜனவரி 22

ஆஸ்டின் அண்டர்வுட் என்பவர் முன்னின்று நடத்திய பேரணியில் 2,000-க்கு மேற்பட்டோர் இம்பருக்குள் போனார்கள். ஊரைத் திருப்பிக் கொடு என்பதோடு, பொதுப்பாதைகளை மூடாதே என்பதும் அவர்களுடைய கோரிக்கை. இதையடுத்துப் பொது விசாரணை நடந்தது. தீர்ப்பு ராணுவத்தின் பக்கம். தேவாலயம் மட்டும் காக்கப்பட்டு, ஆண்டுதோறும் வழிபாட்டுக்குத் திறக்கப்படும் என்றானது. போராட்டம் முழுக்கத் தோற்றது என்று சொல்ல முடியாது. ஊரைக் கேட்டவர்களுக்குக் கிடைத்தது தேவாலயம் மட்டுமே என்றாலும், அது இல்லையென்றால் இம்பரில் காலடி வைக்கவே உரிமை இருந்திருக்காது.

1974

ராணுவத்திடம் இருக்கும் நிலங்களை ஆராய நியமிக்கப்பட்ட நுஜென்ட் பிரபு குழு, லல்வர்த் பீரங்கிப் பள்ளியை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று 1973-இல் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு அரசு அதை ஏற்க மறுத்தது. ஆனால் எதிர்ப்புக்குரலுக்குச் செவிசாய்த்து, 1975 முதல் பெரும்பாலான வார இறுதிகளில் டைன்ஹாமைப் பொதுமக்கள் பார்க்க வழிவிட்டது. பள்ளிக்கூடமும் தேவாலயமும் சீர்செய்யப்பட்டன. கோட் மாட்டும் கொக்கிகளில் பிள்ளைகளின் பெயர்கள், மேசையில் பாடக்குறிப்பேடுகள் என அந்த வகுப்பறை பழைய நிலையிலேயே வைக்கப்பட்டிருக்கிறது.

இதே காலத்தில் இம்பருக்கு நேர்ந்தது வேறு. வட அயர்லாந்துக்குப் போகும் வீரர்கள் பழகுவதற்காக, கதவும் சன்னலும் இல்லாத வெறும் கான்கிரீட் வீடுகள் அங்கே எழுந்தன. பாப்டிஸ்ட் சிற்றாலயம் இடிக்கப்பட்டது. பழைய வீடுகளில் மிஞ்சியவை சிலவே.

2009

நெடுங்காலமாகப் பெரும்பகுதியை ஆள் உழாததால் சாலிஸ்பரி சமவெளி, வடமேற்கு ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய சுண்ணாம்புப் புல்வெளியாக எஞ்சியது. உரமும் பூச்சிமருந்தும் படாத அந்த மண்ணில், இங்கிலாந்தின் மற்ற இடங்களில் மறைந்துபோன பூச்செடிகளும் பட்டாம்பூச்சிகளும் பிழைத்திருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் அற்றுப்போன பெரிய கானமயிலை 2004 முதல் சமவெளியில் மீண்டும் குடியேற்றி வருகிறார்கள். ராணுவம் இருந்ததால்தான் இயற்கை தப்பியது என்பார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அந்த நன்மையை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, அதற்கு விலை கொடுத்தவர்கள் இம்பர் மக்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

இந்த ஆண்டு ஒரு நாள் வார்மின்ஸ்டரிலிருந்து இம்பருக்குப் பழைய லண்டன் பேருந்துகள் ஓடத் தொடங்கின. பின்னர் பெரும்பாலான ஆண்டுகளில் ஓடின. பழுது பார்க்கப்பட்ட புனித ஜைல்ஸ் தேவாலயத்தின் கோபுரச் சுவரில், மணி அடிக்கும் முறைவரிசைகளை 1692-இல் எழுதிவைத்த வண்ண எழுத்து இன்னும் தெரிகிறது.

இப்போது

இம்பரில் நிரந்தரக் குடிகள் எவரும் இல்லை. செப்டம்பர் மாதத் தொடக்கத்தில், புனித ஜைல்ஸ் திருநாளை ஒட்டி ஒரு சனிக்கிழமை தேவாலயத்தில் ஆண்டு வழிபாடு நடக்கிறது. ஊரில் வாழ்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து கல்லறைகளைச் சுத்தம் செய்து போகிறார்கள். மற்ற நாட்களில் ஊருக்கான பாதை பெரும்பாலும் மூடியிருக்கும். திறக்கும் நாட்களை ராணுவம் முன்னதாக அறிவிக்கிறது. அப்போது போகிறவர்கள் சாலையை விட்டு இறங்கக் கூடாது. புல்வெளியில் வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடக்கின்றன.