"உங்க குழந்தை முகம் பார்த்துச் சிரிக்குதா?" - அசையாத முகங்களுக்குப் பின்னால் இருக்கும் சிரிப்பு!

2022 ஆகஸ்ட் மாதம். ஆவடி பக்கத்தைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் முகம் டி.வி-யிலும் செல்போனிலும் தமிழ்நாடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

நான்காம் வகுப்பு படிக்கும் பிள்ளை. மூன்று வயது வரை எந்தப் பிரச்னையும் இல்லை. பிறகு கன்னத்தில் கரும்புள்ளி போல ஏதோ தெரிந்தது. ரத்தக்கட்டாக இருக்கும், சரியாகிவிடும் என்று வீட்டில் நினைத்தார்கள். சரியாகவில்லை. முகத்தின் ஒரு பக்கம் வருடத்துக்கு வருடம் உள்வாங்கிக்கொண்டே போனது. ஆறு வருடங்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தும் பலன் கிடைக்கவில்லை.

செய்தியைப் பார்த்தவர்களை அதிகம் உலுக்கியது நோய் அல்ல. கூடப் படிக்கும் பிள்ளைகள் அவளைவிட்டு ஒதுங்கிப் போகிறார்கள் என்ற விஷயம்தான்.

செய்தி முதல்வர் மு.க.ஸ்டாலினின் கவனத்துக்குப் போனது. பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையில் தண்டலத்தில் இருக்கும் சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவள் சேர்க்கப்பட்டாள். ஆகஸ்ட் 23-ம் தேதி பல மணி நேர அறுவை சிகிச்சை நடந்தது. 29-ம் தேதி முதல்வரே நேரில் வந்து நலம் விசாரித்தார்.

அவள் பெயர் அன்று ஊருக்கே தெரியும். ஆனால், இப்போது அவள் வளரும் பிள்ளை. நாளை தன் பெயரை கூகுளில் தேடினால் நோயின் பெயர்தான் முதலில் வரும் என்பது எந்தப் பெண்ணுக்கும் சங்கடம். அதனால் இங்கே பெயர் வேண்டாம்.

அவளுக்கு வந்தது 'பாரி - ராம்பெர்க்' என்னும் அரிய நோய். 1825-ல் இங்கிலாந்து மருத்துவர் பாரியும், 1846-ல் ஜெர்மானிய மருத்துவர் ராம்பெர்க்கும் பதிவு செய்தது. முகத்தின் ஒரு பக்கத்தில் தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்பு, தசை, சிலருக்கு எலும்பும்கூட மெலிந்துபோகும். இது தொற்றுநோய் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளாது. அந்த வகுப்பறைக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது இந்த ஒரு வரிதான்.

அந்தச் சிறுமியின் நோயில் கன்னத்தின் சதை போய்விடுகிறது. இன்னொரு வகைக் குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கன்னம் கொழுகொழுவென்று நன்றாகவே இருக்கும். ஆனால், அசையாது. பிறவியிலேயே முக நரம்பு வேலை செய்யாத குழந்தைகள் இவர்கள். நோய் வேறு, வீதியில் கிடைக்கும் பார்வை மட்டும் ஒன்றுதான்.

காதுக்குக் கீழே ஒரு நரம்பு

மூளையிலிருந்து நேரடியாக வரும் நரம்புகள் 12 ஜோடி. அதில் ஏழாவது ஜோடிதான் முக நரம்பு. வலப்பக்கத்துக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று. காதின் உட்புறம் இருக்கும் எலும்பில் ஒரு குறுகலான பாதை வழியாக வந்து, காதுக்குக் கீழே வெளிப்பட்டு, விரல்களை விரித்ததுபோல ஐந்து கிளைகளாக முகத்தில் பரவுகிறது. நெற்றியைச் சுருக்குவது, கண்ணை மூடுவது, சிரிப்பது, உதட்டைக் குவித்து ஊதுவது எல்லாம் அதன் வேலை. கண்ணீர் சுரப்பதிலும், நாக்கின் முன்பகுதி சுவை அறிவதிலும் அதற்குப் பங்கு உண்டு.

இந்த நரம்பில் வரும் பிரச்னைகளில் நம் வீடுகளுக்குப் பழக்கமானது முகவாதம். காலையில் எழுந்து வாய் கொப்பளித்தால் தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகும். கண்ணாடியில் பார்த்தால் வாய் கோணியிருக்கும். "பஸ்ல ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தே, காத்து அடிச்சிருச்சு" என்பார்கள். முக நரம்பை 1821-ல் விளக்கிய ஸ்காட்லாந்து மருத்துவர் சார்லஸ் பெல்லின் பெயரால் இதை 'பெல்ஸ் பால்ஸி' என்கிறார்கள். பெரும்பாலானோருக்கு வாரங்களிலோ, சில மாதங்களிலோ சரியாகிவிடும். 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் குணமாகும் வாய்ப்பு அதிகம். காற்று பட்டது என்று கைவைத்தியத்தில் இழுத்தடித்தால் இழப்பது அந்த மூன்று நாள்களைத்தான்.

ஒரு எச்சரிக்கை. வாய் கோணுவது பக்கவாதத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம். கை கால் மரத்துப்போனாலோ, பேச்சு குழறினாலோ, வாய் கோணியும் நெற்றியை மட்டும் இரண்டு பக்கமும் சுருக்க முடிந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

இது பெரியவர்களுக்குத் திடீரென வருவது. பிறவியிலேயே வந்தால்?

முகம் பார்த்துச் சிரிக்காத குழந்தை

குழந்தை பிறந்து ஒன்றரை, இரண்டு மாதம் ஆனால் நம் ஊரில் பாட்டிகள் கேட்கும் முதல் கேள்வி, "முகம் பார்த்துச் சிரிக்குதா?" என்பதுதான். முக நரம்பு வேலை செய்யாத குழந்தையின் அம்மாவுக்கு அந்தக் கேள்வியே வலி.

உண்மையில் அறிகுறிகள் அதற்கும் முன்பே தெரியும். தூங்கும்போது கண் முழுதாக மூடாது. அழும்போது வாய் ஒரே பக்கமாக இழுக்கும். இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்டிருந்தால், அழுகைச் சத்தம் வரும், முகம் மட்டும் அழாது. உதடு இறுகாததால் பால் உறிஞ்சத் திணறும். பால் வாயோரம் வழியும்.

பிரசவத்தின்போது நரம்பு அழுந்தியதால் ஏற்பட்ட பாதிப்பு என்றால், பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே சரியாகிவிடும். ஆனால், நரம்பே சரியாக உருவாகாமல் போயிருந்தால், காத்திருப்பதால் சரியாகாது. அதில் ஒரு வகை 'மோபியஸ் சிண்ட்ரோம்'. 1888-ல் ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் பால் மோபியஸ் விவரித்தது. முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்போடு, கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது நரம்பும் பாதிக்கப்படும். அதனால் அந்தக் குழந்தைகள் பக்கவாட்டில் பார்க்கத் தலையையே திருப்புவார்கள். சிலருக்குக் கால் பாதம் வளைந்திருக்கும், விரல்கள் சரியாக வளர்ந்திருக்காது.

முகத்தில் எந்த உணர்ச்சியும் தெரியாததால், "மூளை வளர்ச்சி இல்லையோ?" என்று பார்க்கிறவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. மோபியஸ் பாதித்த பெரும்பாலான பிள்ளைகளின் அறிவுத்திறன் மற்றவர்களைப் போலத்தான் இருக்கும். அவர்களுக்கு எல்லாம் புரியும். தங்களைப் பற்றி நாம் பேசுவதும்தான்.

'அம்மா'வுக்கு இரண்டு உதடும் வேண்டும்

'ப'வும் 'ம'வும் இரண்டு உதடுகளும் சேர்வதால் பிறக்கும் எழுத்துகள் என்று தொல்காப்பியமே சொல்கிறது. ஒருமுறை கண்ணாடி முன் நின்று 'அம்மா', 'அப்பா' என்று சொல்லிப் பாருங்கள். உதடுகள் ஒட்டாமல் இரண்டையுமே சொல்ல முடியாது.

மற்ற குழந்தைகளுக்கு முதலில் வரும் வார்த்தைகள்தான் இந்தக் குழந்தைகளுக்குக் கடினமான வார்த்தைகள். நம் வீடுகளில் பாப்பா, மாமா, பால், மம்மம் என்று குழந்தையோடு பேசும் பேச்சே 'ப'வும் 'ம'வும்தான். ஆனாலும் சொல்லிவிடுகிறார்கள். கீழுதட்டின் வேலையை நாக்கு செய்கிறது. நாக்கு நுனியை மேல் உதட்டிலோ, மேல் பல்லிலோ வைத்து, காதுக்குக் கிட்டத்தட்ட 'ம' போலவே கேட்கும் ஓர் ஒலியை உண்டாக்கிக்கொள்கிறார்கள். சில குழந்தைகள் தானாகவே இதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். மற்றவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி நிபுணர் கற்றுக்கொடுப்பார். நாம் பத்து மாதத்தில் சுலபமாகச் சொன்ன 'அம்மா'வை அவர்கள் உழைத்துச் சம்பாதிக்கிறார்கள்.

பல்லைக் கடித்தால் சிரிப்பு

நரம்பே இல்லாத இடத்தில் சிரிப்பைக் கொண்டுவர முடியுமா? முடியும் என்று காட்டியவர்களில் முன்னோடி ஜப்பானைச் சேர்ந்த டாக்டர் கியோனோரி ஹாரி. 1976-ல் அவர் குழு, தொடையின் உட்புறத்திலிருந்து ஒரு சிறு தசையை ரத்தக்குழாய், நரம்போடு எடுத்துக் கன்னத்தில் பொருத்திய சிகிச்சையை வெளியிட்டது. அந்தத் தசை இல்லாவிட்டாலும் காலுக்குப் பெரிய குறை வராது. பிறகு, கனடாவின் டொரன்டோ குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர் ரொனால்டு சூக்கர் இதைக் குழந்தைகளுக்குச் செய்து பிரபலமாக்கினார்.

தசைக்கு உத்தரவு கொடுக்க நரம்பு வேண்டுமே? இங்கேதான் மருத்துவர்களின் சாமர்த்தியம். உணவை மெல்லும் தசைக்குப் போகும் நரம்பு இந்தக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதோடு புதுத் தசையை இணைத்துவிடுகிறார்கள். ஆரம்பத்தில் பல்லைக் கடித்தால்தான் வாயோரம் மேலே போகும். கண்ணாடி முன் மாதக்கணக்கில் பயிற்சி. பல குழந்தைகள் போகப்போகப் பல்லைக் கடிக்காமலே சிரிக்கப் பழகிவிடுகிறார்கள்.

'மெல்லும் தசையை வைத்து முகத்தை இயக்குவது' தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தொழுநோயும் முக நரம்பைத் தாக்கும். கண் மூடாமல், கருவிழி புண்ணாகிப் பார்வையே போகும். வேலூர் சி.எம்.சி-யில் டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் இறுதியில் தொழுநோயாளிகளுக்கான மறுசீரமைப்பு அறுவை சிகிச்சைகளைத் தொடங்கினார். பக்கத்தில் காரிகிரியில் அதற்கென்றே மருத்துவமனையும் ஆராய்ச்சி மையமும் வந்தன. மூடாத கண்ணுக்குத் தொழுநோய் மருத்துவத்தில் செய்யும் சிகிச்சை ஒன்று உண்டு. மெல்லும்போது நெற்றிப்பொட்டில் அசையுமே, அந்தத் தசையில் ஒரு பட்டையைக் கொண்டுவந்து இமையில் இணைப்பார்கள். அதன்பின் பல்லைக் கடித்தால் கண் மூடும்.

"கண்ணைச் சிமிட்டுங்க"

இப்போது இன்னொரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. வங்கிக் கணக்கு தொடங்க, சிம் கார்டு வாங்க ஆன்லைனில் கே.ஒய்.சி செய்தால், திரையில் 'கண்ணைச் சிமிட்டுங்கள்' என்று வருகிறது. நீங்கள் உயிருள்ள ஆள்தான், போட்டோ இல்லை என்று நிரூபிக்க. இமை அசையாதவர்கள் என்ன செய்வார்கள்?

ஆசிட் வீச்சில் முகமும் கண்களும் சேதமடைந்த ஒரு பெண் 2023-ல் இதனால் வங்கிக் கணக்கு தொடங்க முடியாமல் போய், உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2025 ஏப்ரல் 30-ம் தேதி நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவைகளைப் பெறுவது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றும், சிமிட்டுவதைத் தவிர வேறு வழிகளும் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. முக நரம்பு செயல்படாதவர்களுக்கும் இந்தத் தீர்ப்பு உதவக்கூடும்.

இன்னும் ஒரு குறை இருக்கிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் அதில் உண்டு. பிறவி முகவாதத்துக்கு என்று தனி வகை இல்லை.

பெற்றோர் என்ன செய்யலாம்?

* முதல் கவலை சிரிப்பு அல்ல, கண். மூடாத கண் காய்ந்துபோகும். மருத்துவர் சொல்லும் சொட்டு மருந்து, இரவில் களிம்பு, தூங்கும்போது இமையை மூடி வைப்பது இவற்றைத் தவறவிடக் கூடாது.

* 'வளர வளரச் சரியாயிடும்' என்ற வார்த்தையை நம்பி உட்காராதீர்கள். குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டி, பிரசவ பாதிப்பா, பிறவிக் குறையா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

* பிறப்பிலிருந்து 18 வயது வரையிலான குழந்தைகளைப் பரிசோதிக்க, 'ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம்' என்ற மத்திய அரசுத் திட்டம் 2013 முதல் இருக்கிறது. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வரும் நாளில் தயங்காமல் சொல்லுங்கள்.

* அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி அரசு மருத்துவமனைகளில் காட்டிப் பரிந்துரை வாங்கலாம். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை, பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுகள் உள்ள ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைகள் மின்சார ரயிலில் போய்வரும் தூரம்தான்.

* ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. எந்தச் சிகிச்சை அதில் வரும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

ஆவடிச் சிறுமிக்குச் செய்தி வந்து கதவு திறந்தது. நல்லதுதான். ஆனால், ஒவ்வொரு குழந்தையும் டி.வி-யில் வந்துதான் சிகிச்சை பெற வேண்டும் என்றால், வராத குழந்தைகள் என்ன ஆவார்கள்? மேலே சொன்ன திட்டங்கள் இருப்பது அவர்களுக்காகத்தான்.

அந்தப் பழமொழியை மட்டும் கொஞ்சம் தள்ளி வைப்போம்

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். முகம் அசையாத ஒரு பிள்ளையின் விஷயத்தில் இந்தப் பழமொழி பெரிய அநியாயம். சிரிக்காவிட்டால் திமிர், வணக்கம் சொல்லும்போது முகம் மலராவிட்டால் மரியாதை தெரியாதவன் என்று பட்டம் கட்டிவிடுகிறோம்.

அமெரிக்காவின் ஓரிகன் மாகாணப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருக்கும் கேத்லீன் போகார்ட், பிறவியிலேயே மோபியஸ் பாதிப்பு உள்ளவர். முகவாதம் பற்றியே ஆராய்ச்சி செய்கிறார். பிறவியிலேயே முகம் அசையாதவர்கள் குரலாலும் கையசைவாலும் உணர்ச்சியைக் காட்டுவதில், இடையில் முகவாதம் வந்தவர்களைவிடத் தேர்ந்தவர்களாக இருப்பதை அவரது ஆய்வு காட்டியது. அதாவது, அவர்கள் சிரிக்கிறார்கள். முகத்தைத் தவிர வேறு எங்கும் பார்க்க நமக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது உங்கள் பிள்ளையின் வகுப்பில் அப்படி ஒரு குழந்தை இருக்கலாம். "அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்று உங்கள் பிள்ளை கேட்டால், "உஷ், பார்க்காதே" என்று சொல்லாதீர்கள். "முகத்துல ஒரு நரம்பு வேலை செய்யலை. ஒட்டிக்காது. அவ பேசுறதைக் காது கொடுத்துக் கேளு, சிரிக்கிறது கேட்கும்" என்று சொல்லுங்கள்.

ஆசிரியராக இருந்தால், அவள் பெயரை அவளிடமே கேளுங்கள், அம்மாவிடம் கேட்காதீர்கள். அவள் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாக நில்லுங்கள். பெயரில் 'ம'வோ 'ப'வோ இருந்தால், கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும்.