முதல் ஷாட்டிலேயே நின்றவன்

மூன்று நிமிட அனிமேஷன் படம் எடுக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தேன். எடுக்கவில்லை. கணினி பழுதாகி ஃபைல்கள் அழிந்துவிட்டன என்று காரணமும் சொன்னேன். கணினி நன்றாகத்தான் இருந்தது.

கதை இதுதான்: டவுன் பஸ் கண்டக்டர் ஒருவரின் விசில் வாயிலிருந்து நழுவி, ஜன்னல் வழியே பறந்துபோகிறது. அதைத் தேடி அவர் பஸ்ஸை விட்டு இறங்குகிறார். அதற்கு மேல் என்னிடம் ஒன்றுமில்லை. வரைய வரைய முடிவு வந்துவிடும் என்றிருந்தேன்.

கணக்கு தெரியாமல் இறங்கவில்லை. நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் மூன்று நிமிடத்துக்கு 4,320. ஒரே ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் 2,160 ஓவியங்கள் வேண்டும். அதனால்தான் முதலில் ஸ்டோரிபோர்டு, பிறகு அந்தக் கட்டங்களைத் தற்காலிக ஒலியோடு நேரப்படி கோத்துப் பார்க்கும் அனிமேட்டிக், அதன் பிறகே அசைவு என்று இந்தத் தொழிலில் வைத்திருக்கிறார்கள். கேமராவில் எடுக்கும் படமென்றால் தாராளமாக எடுத்துவிட்டு எடிட்டிங்கில் வெட்டலாம். இங்கே வெட்டி எறியும் ஒவ்வொரு நொடியும் 12 ஓவியங்களின் உழைப்பு. எடிட்டிங்கை முன்கூட்டியே முடித்துக்கொள்ளும் வழிதான் அனிமேட்டிக். இதையெல்லாம் மற்றவர்களுக்கு நானே விளக்கியிருக்கிறேன்!

ஆனால் நேராக முதல் ஷாட்டுக்குப் போனேன். மழையில் நனையும் பேருந்து நிலையம். தகரக் கூரையில் வழியும் நீருக்கு ஒரு லேயர், சேற்றில் விழும் ஹெட்லைட் வெளிச்சத்துக்கு ஒரு லேயர். கண்டக்டர் தோள்பையைச் சரிசெய்யும் அசைவுக்கு முக்கிய நிலைகளைப் போட்டு, இடையில் வரும் ஓவியங்களை நிரப்பி, பிடிக்காமல் அழித்து, மறுபடி நிரப்பினேன். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். மொத்தம் எட்டு நொடி.

யாராவது ஸ்டோரிபோர்டு கேட்டால் ‘ஃப்ளோ’ படத்தை இழுப்பேன். லாட்வியாவின் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் ஸ்டோரிபோர்டு வரையாமலே பிளெண்டர் மென்பொருளில் அதை எடுத்து 2025இல் ஆஸ்கர் வாங்கவில்லையா? காகிதத்தில் வரையாததை அவர் பிளெண்டருக்குள்ளேயே முப்பரிமாண அனிமேட்டிக்காகச் செய்து பார்த்தார் என்பதை மட்டும் விழுங்கிவிடுவேன். ஏன் தாமதம் என்றால் இருக்கவே இருக்கிறார் ரஷ்யாவின் யூரி நோர்ஷ்டெய்ன். 1981இல் தொடங்கிய ‘ஓவர்கோட்’ அனிமேஷன் படத்தை அவர் முடிக்கவே இல்லையே! அதற்கு முன்பே, 1979இல், ‘கதைகளின் கதை’யை முடித்துக் கொடுத்தவர் அவர் என்பது எனக்கு வசதிப்படாத தகவல்.

சோம்பல் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்தான். ராத்திரி முழுக்க உட்கார்ந்து மழைத்துளி வரைகிறவனைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது? பயம். அனிமேட்டிக்கில் குச்சி மனிதர்கள்தான் நடமாடுவார்கள். மழையும் வெளிச்சமும் காப்பாற்ற வராது. கதை இருக்கிறதா இல்லையா என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். இல்லை என்று எனக்கு முன்பே தெரியும்.

நஷ்டம் என்னோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இசையமைக்க ஒப்புக்கொண்ட தோழி, ஒவ்வொரு ஷாட்டும் எத்தனை நொடி என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவளும் அதை நம்பி மெட்டை நீட்டினாள், குறுக்கினாள். இதற்காக வேறொரு வேலையை வேண்டாமென்று விட்டிருந்தாள். அது தெரிந்தும், கணினிப் பொய்யை முதலில் அவளிடம்தான் சொன்னேன்.

போன மாதம் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, அந்த விசில் கடைசியில எங்கதான் போகுது?” என்று கேட்டாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.