எட்டு இலை

ஜூன் 12, புதன்
தங்கச்சிக்கு ஏழாம் மாதம். ரத்த அழுத்தம் ஏறித் திருச்சியில் சேர்த்திருக்கிறார்கள். அவள் மகள் கொடும்பாளூரில் என்னிடம். ஐந்து வயது. தயிரும் வெறும் சோறும்தான் இறங்குகிறது. சோற்றில் கடுகு கிடந்தால்கூடத் தட்டைத் தள்ளுகிறாள்.

ஜூன் 13
ஒன்றும் சாப்பிடவில்லை.

ஜூன் 18, செவ்வாய்
பள்ளியில் காலை உணவு சமைப்பது எங்கள் மகளிர் குழு. 2023 ஆகஸ்ட் 25-இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் இந்தத் திட்டம் வந்ததிலிருந்து விடியுமுன் அடுப்பைப் பற்றவைக்கிறேன். வீட்டில் யாரும் இல்லாததால் இவளையும் கூட்டிப் போகிறேன். இன்று கிச்சடியும் காய்கறிச் சாம்பாரும் பாத்திரத்தில் மிஞ்சவில்லை. இவள் மட்டும் தூணோரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

ராத்திரி கோபத்தில் முருங்கைக்கீரைச் சோற்றை வாயில் திணித்துவிட்டேன். வாந்தி எடுத்தாள். அழக்கூட இல்லை, என்னையே பார்த்தாள். மறந்துவிடக் கூடாதென்று எழுதி வைக்கிறேன்.

ஜூன் 24, திங்கள்
அங்கன்வாடி அக்காவிடம் சொன்னேன். இரண்டிலிருந்து ஆறு வயது வரை புதுச் சாப்பாட்டைக் கண்டு பயப்படுவது பிள்ளைகளுக்கு இயல்பாம். ஒரே பண்டத்தைப் பத்துப் பதினைந்து தடவைகூட வைத்துப் பார்க்க வேண்டியிருக்குமாம். "கொஞ்சூண்டு வை. திங்கச் சொல்லாத. நீ திங்கறத அவ பாக்கட்டும்" என்றார். சின்ன வயதில் எங்களிடமும் யாரும் கெஞ்சியதில்லை. சத்துணவுக்கு வரிசையாக உட்காருவோம், பக்கத்தில் இருப்பவள் சாப்பிட்டால் நாமும் சாப்பிடுவோம். முட்டை நாள் என்றால் திருவிழா. அம்மா பிரண்டைத் துவையலை அம்மியிலிருந்து வழிக்கும்போதே விரல் நீட்டுவேன். அந்த நாக்கு இவளுக்கு எப்படி வரும்? வரவேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

ஜூன் 30, ஞாயிறு
மூவர் கோயிலுக்குப் போனோம், அடுத்த வீட்டுப் பையனும் வந்தான். அந்தக் காலத்துச் சிற்றரசர் பூதி விக்கிரமகேசரி கட்டியது மூன்று கோயில், நிற்பது இரண்டு. "மூணாவது எங்க பெரிம்மா?" அடித்தளத்தைக் காட்டினேன். வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

வரும் வழியில் நாவல் மரம். பையன் பழத்தை எடுத்து மண்ணை ஊதி வாயில் போட்டு, ஊதா நாக்கை நீட்டினான். நான் செருப்பில் குத்திய முள்ளைப் பிடுங்கிவிட்டு நிமிர்கிறேன், இவள் நாக்கும் ஊதா. நான்கு கொட்டை துப்பியிருந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை.

ஜூலை 3, புதன்
பொங்கல். தூணை விட்டு வந்து பையன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "காரமா?" என்று அவனிடம் கேட்டது காதில் விழுந்தது. அவன் தட்டில் ஒரு விரல் சாம்பார் தொட்டு நக்கினாள், தண்ணீர் குடித்தாள், மறுபடியும் தொட்டாள். நான் அடுப்பைப் பார்த்தே நின்றேன்.

ஜூலை 5
பிறந்துவிட்டது. தம்பி. ஒன்றரைக் கிலோ, கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறான். "தம்பிக்கு எப்படிப் பசிக்கும்? வாயில டியூப் இருக்கே." அவள் அப்பா போனில் காட்டியிருக்கிறார். ராத்திரி தயிர்சோறும் வேண்டாம் என்றாள். நானும் சாப்பிடவில்லை.

ஜூலை 10
தம்பி இன்னும் பெட்டியில்தான். தங்கச்சி எப்போது வருவாள் என்று டாக்டர் சொல்லவில்லை.

முருங்கைக்கீரை உருவ என்னோடு உட்கார்ந்தாள். சோற்றோரம் எட்டு இலை வைத்தேன். தட்டைக் கழுவும்போது ஆறு கிடந்தது.