பாரம் ஏறிய பின் இறுக்குங்கள்



நம் ஆலயத்தின் பழைய ஆம்னி வண்டியை நீங்கள் அறிவீர்கள். ஞாயிறுதோறும் பெருங்களூர், ஆதனக்கோட்டைப் பக்கத்து முதியோரைப் புதுக்கோட்டைக்கு அழைத்து வருவது அதுதான். தவறாது வரும் பாட்டியம்மா ஒருவர் சில வாரங்களாக வரவில்லை. விசுவாசம் தளர்ந்துவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டு, கண்டித்துப் பேசும் எண்ணத்தோடுதான் அவர் வீட்டுக்குச் சென்றேன்.

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “பின் சீட்டுல உக்காந்தா குழிக்குக் குழி தூக்கித் தூக்கிப் போடுது ஐயா. இடுப்பு தாங்கலை. கோயில் வண்டியைக் குறை சொல்ற மாதிரி ஆயிடுமேன்னு சொல்லலை.”

முன்னால் அமர்ந்து ஓட்டும் எனக்கு அது தெரியவேயில்லை.

மறுநாள் வீட்டு வாசலில், முன்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டுகளின்மேல் நிறுத்தினேன். ஆம்னியின் பின்பாரத்தைச் சுமப்பவை பட்டை ஸ்பிரிங்குகள். அவற்றின் ஆட்டத்தை அடக்குபவை ஷாக் அப்சார்பர்கள். ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்து போயிருந்தது. பட்டை முனைகளில் இருந்த ரப்பர் புஷ்கள் வெடித்து, இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருந்தது. இரு பக்கமும் ஒன்றுபோல் இயங்க வேண்டும் என்பதால் அனைத்தையும் ஜோடியாகவே மாற்றினேன்.

கடைசியாகப் பட்டை முனைப் போல்ட்டுகளை முழு வலுவோடு இறுக்கப் போனபோது, உதவிக்கு வந்திருந்த மெக்கானிக் தம்பி தடுத்தார். “இப்ப இறுக்காதீங்க ஐயா. சக்கரம் தொங்குது. வண்டியைத் தரையில இறக்கி, வெயிட் ஏறினப்புறம்தான் இறுக்கணும். இல்லைன்னா ரப்பர் முறுக்கிக்கிட்டே நின்னு சீக்கிரமே கிழிஞ்சிடும்.”

ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி அமைதியாக அமர்ந்துவிட்டேன். பாட்டியம்மாவைக் குறித்த என் தீர்ப்பும் சக்கரம் தொங்கும்போதே இறுக்கப்பட்ட போல்ட்டுதானே! அவருடைய வலியில் சிறு பங்கும் என்மேல் ஏறுமுன் அவருடைய விசுவாசத்தை அளந்துவிட்டேன். அந்தக் கண்டிப்பை அன்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால், கிழிந்திருப்பது ரப்பர் அல்ல. ஒரு முதிய இருதயம்.

வண்டியை இறக்கினோம், பாரம் ஏறிய பின் இறுக்கினோம். சென்ற ஞாயிறு ஒரு சகோதரர் வண்டியை ஓட்ட, நான் பின் இருக்கையில் அமர்ந்து வந்தேன். பாட்டியம்மா அருகில் இருந்தார். குழிகள் அப்படியேதான் இருந்தன; ஆனால் அவர் கை கம்பியை இறுகப் பற்றவில்லை.

பிரியமானவர்களே, இவ்வாரம் ஒருவரைக் குறித்து ஒரு முடிவை இறுக்குமுன், அவர் அமரும் இருக்கையில் ஒருமுறை அமர்ந்து பாருங்கள். அதற்கான பொறுமையைக் கர்த்தர் நமக்கு அருளுவாராக. ஆமென்.