பங்கா, மாத வருமானமா? ஒரு சூளைக் கணக்கு

கடலூர் மாவட்டத்தில் மங்களூரைச் சேர்ந்த நமக்கு, பீங்கான் என்றாலே விருத்தாசலம்தான். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் வெண்களிமண்ணும், செராமிக் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமும் அவ்வூருக்கு அப்பெயரைத் தந்தன. அங்கே ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து ஃபியூஸ் கேரியர் செய்ய விரும்பிய நம் தங்கை மகன், சென்ற ஆண்டு நம்மிடம் மூன்று இலட்சம் ரூபாய் கேட்டார். நம் மூத்த மகளின் திருமணத்திற்காகச் சேர்த்த பணம் அது.

கொடுக்கச் சம்மதித்தோம். ஆனால் மாதம் 6,000 ரூபாய் தவறாமல் வரவேண்டும் என்றோம். வட்டி ஹராம் என்று இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் நாவுதான் அதைக் கேட்டது! 'இலாபத்திலிருந்துதானே தருகிறார்' என்று மனம் சமாதானம் சொல்லிக்கொண்டது.

மருமகன் மறுத்துப் பேசவில்லை. "மாமா, கணக்கை மட்டும் பாருங்கள்" என்று ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்தார். கொட்டகை வாடகை, சூளைப் பராமரிப்பு, மாதச் சம்பளக்காரர் இருவர் என 60,000 ரூபாய். ஒரு கேரியர்கூடச் செய்யாவிட்டாலும் இது போய்விடும். மண், மெருகுப்பூச்சு, எரிவாயு, கூலி ஆகியவை கேரியர் ஒன்றுக்கு 7 ரூபாய். விற்கும் விலை 10. ஒவ்வொன்றும் 3 ரூபாயைக் கொண்டுவந்து அந்த 60,000 என்னும் பள்ளத்தில் போடுகிறது. 20,000 கேரியர் விற்றால் பள்ளம் நிரம்பும். அதற்கு மேல்தான் இலாபம் பிறக்கிறது. இலாப நட்டமற்ற அவ்விடத்தைச் சமநிலைப் புள்ளி என்பார்கள்.

நாம் கேட்ட 6,000 எங்கே போய் அமர்ந்தது தெரியுமா? வாடகைக்குப் பக்கத்தில்! பள்ளம் 66,000 ஆயிற்று, புள்ளி 22,000க்கு நகர்ந்தது. 21,000 விற்கும் மாதத்தில் நம் பணம் இல்லையென்றால் அவருக்கு 3,000 இலாபம். இருந்தால் 3,000 நட்டம். அந்த நட்டத்திலும் நமக்கு 6,000 வந்துகொண்டிருக்கும். சூரா பகராவின் 275ஆம் வசனம் வாணிபத்தையும் வட்டியையும் பிரித்துவைப்பதை எத்தனையோ முறை ஓதிக்கொடுத்திருக்கிறோம். அந்தப் பிரிவினை ஒரு சூளையின் கணக்கில் இப்படிக் கண்ணுக்குத் தெரியும் என்று நாம் எண்ணியதில்லை.

முளாரபாவாக மாற்றி எழுதினோம். முதல் நம்முடையது, உழைப்பு அவருடையது, இலாபம் சரிபாதி, நட்டம் வந்தால் முதலில் கழியும், அவருக்கு உழைப்பு வீணாகும். அன்னை கதீஜா நாயகியின் சரக்கை நபிகள் நாயகம் ﷺ அவர்கள் ஷாம் தேசத்திற்குக் கொண்டுசென்ற வணிகத்தை இவ்வகைக்கு உதாரணமாக அறிஞர்கள் காட்டுவர். பங்குக்குப் புள்ளியை நகர்த்தும் வலிமை இல்லை. இலாபம் பிறந்த பிறகே அது பேசத் தொடங்குகிறது.

நோட்டில் நேர்க்கோடாக ஓடிய கணக்கு சூளையில் அப்படி ஓடாது என்பதையும் கண்டோம். பாதி நிரம்பிய சூளையும் ஏறக்குறைய முழுச்சூளையின் எரிவாயுவையே தின்கிறது. சரியாகக் காயாத மண்ணைச் சூட்டில் வைத்தால் வெடிக்கும். நூற்றுக்குப் பத்து வெடித்தால் பத்துக்குச் செலவு 70, வரவு 90; ஒன்றுக்கு மிஞ்சுவது 3 அன்று, 2. சுடவேண்டியது 20,000லிருந்து 30,000 ஆகிவிடுகிறது. பத்தில் ஒன்று உடைவதற்கு இவ்வளவு விலையா என்று நாம் வியந்தோம்.

முதல் மாதம் 17,000 விற்று 9,000 நட்டம். இரண்டாம் மாதம் 3,000 நட்டம். அவ்விரு மாதங்களிலும் இரவில் உறக்கம் குறைவு. மகளின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாகவே இருந்தது. பின்னர் 22,000, அடுத்து 23,000 விற்றன. நட்டத்தை ஈடுசெய்து முதலை நிறைத்தபின் நான்கு மாதங்களின் இலாபம் 3,000 ரூபாய். நம் பங்கு 1,500.

பழைய பேச்சின்படி 24,000 வந்திருக்கும். பணத்தை எண்ணிய நம் இல்லத்தரசி ஒன்றும் சொல்லாமல் அலமாரியில் வைத்தார். அவ்வாரமே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொட்டகையில் மண் காயவில்லை என்று மருமகன் தொலைபேசியில் சொன்னார். அரைகுறையாகக் காய்ந்ததைச் சுடவேண்டாம், வெயிலுக்குக் காத்திருக்கலாம் என்றோம்.