மாமியார் கட்டில், மகளுக்குப் பெட்டி

திண்டுக்கல் என்றால் பூட்டு. போன மாதம் நான் போனதும் பூட்டுக்காகத்தான். ஆனால் பஸ்ஸில் என்னோடு வந்தவை ஓர் உடைந்த கட்டிலின் நான்கு பலகைகள்!

கட்டில் என் மாமியாருடையது, ஈட்டி மரம். கால் முறிந்து கிடந்ததை, "விறகுக்குப் போட்டுடலாம்" என்றார் என் கணவர். எனக்கு மனசு வரவில்லை. என் மகளை மாமியார் தட்டித் தூங்க வைத்த கட்டிலாயிற்றே! அவளுக்கே அதில் ஒரு நகைப்பெட்டி செய்துவிட்டால் என்ன?

நாத்தனார் வீட்டில் நாலு நாள் தங்கல். மலைக்கோட்டை தெரிகிற ஒரு சந்தில் ஆசாரியின் பட்டறை. "ஈட்டிதாம்மா. இப்பல்லாம் இது கிடைக்கிறது குதிரைக்கொம்பு. ஒரு வெட்டு தப்பினா, மாத்துப் பலகைக்கு எங்கே போறது?" என்றார். எனக்குப் பகீரென்றது.

முதல் வேலையாகப் பழைய ஆணிகளைத் தேடித் தேடிப் பிடுங்கினார். ஒன்று ஒளிந்திருந்தாலும் இழைப்புளியின் கூர் போய்விடுமாம். இழைக்க இழைக்க, அழுக்குக் கறுப்புக்கு அடியிலிருந்து பழுப்பும் ஊதாவுமாய் ரேகைகள் எழுந்தன. மூலைகளுக்கு ஆணியே கிடையாது. பலகை முனைகளைப் பல் பல்லாக வெட்டி, கைவிரல்களைக் கோத்தாற்போல் இணைத்தார். கீலின் பித்தளைத் திருகாணிகளுக்கு முன்னதாகவே துளை போட்டார். கடின மரம், அப்படியே முடுக்கினால் பிளந்துவிடும். மூடியையும் இறுக்கிப் பொருத்தவில்லை. மழைக்காலத்தில் மரம் உப்புமே!

"குழந்தைங்களைக் கிட்டே விடாதீங்க" என்றும் எச்சரித்தார். ஈட்டித் தூள் சிலருக்கு அரிப்பும் தும்மலும் தரும்.

பூட்டு செய்தவர் அடுத்த தெருப் பெரியவர். அரத்தால் ராவி ராவிச் சாவியைப் பூட்டுக்குள் விட்டுப் பார்த்தபடியே, "மகன் மில்லுக்குப் போயிட்டான். இந்த வேலை என்னோட சரி" என்றார். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும், மலிவாக வரும் அலிகார் பூட்டுகளோடு கைவேலை எப்படிப் போட்டி போடும்?

பித்தளைக் கொண்டியில் சின்ன மாங்காய்ப் பூட்டு தொங்க, பெட்டி வீடு வந்தது. மகள் திறந்து, முகர்ந்து பார்த்து, "பாட்டி கட்டில் வாசனைம்மா!" என்றாள். என் கணவர் ஒன்றும் பேசவில்லை. மீதிப் பலகையை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்தார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய மரம் கிடக்கிறதா? விறகுக்குப் போடுமுன் ஓர் ஆசாரியிடம் காட்டிவிடுங்களேன்.