சறுக்கும் நீரும் சறுக்கக் கூடாத சிக்கனமும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளின் கோரிக்கைகளில் நீர் விளையாட்டுப் பூங்காவுக்கே முதலிடம். பெற்றோரும் நுழைவுக் கட்டணத்தையும் உணவுச் செலவையும் கூட்டிப் பார்த்துப் புறப்பட்டுவிடுகிறார்கள். அங்கே ஓடும் நீருக்கும் அதை ஓட்டும் மின்சாரத்திற்கும் ஒரு கணக்கு உண்டு. வாசகர்களே, அதையும் சற்றுப் பார்ப்போம்.

சென்ற ஆண்டு கல்வராயன் மலையில், வெள்ளிமலை செல்லும் வழியிலுள்ள பெரியார் அருவிக்குக் குடும்பத்துடன் சென்றிருந்தோம். அதுவரை பூங்காக்களை மட்டுமே கண்டிருந்த என் பேத்தி, "தாதா, இதுக்கு மோட்டார் எங்கே இருக்கு?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். ஆனால் கேள்வி பொருள் பொதிந்தது. கடல் நீரை ஆவியாக்கி, மேகமாக்கி, மலை மீது ஏற்றிவிடுவது கதிரவனின் வெப்பம். பூங்காவில் அந்த வேலையை மோட்டார் செய்கிறது.

10 மீட்டர் உயரச் சறுக்கு ஒன்றில் நிமிடத்திற்கு 3,000 லிட்டர் நீர் ஓடுவதாகக் கொள்வோம். அதை மேலேற்ற மட்டும் ஏறத்தாழ 5 கிலோவாட் தேவை. மோட்டாரிலும் பம்பிலும் குழாயிலும் வீணாவதைச் சேர்த்தால் அது 7 கிலோவாட்டைத் தொடும். அதாவது மணிக்கு 7 யூனிட். யாரும் ஏறாத வேளையிலும் அது ஓடினால் அத்தனையும் வீண்.

சறுக்குபவரைக் கீழே இழுப்பது புவியீர்ப்பு. நீரோ உடலுக்கும் பரப்புக்கும் இடையே மெல்லிய படலமாய் நின்று உராய்வைக் குறைக்கிறது. ஆகவே கண்ணாடியிழைப் பரப்பு வழவழப்பாகவும் இணைப்புகள் மேடுபள்ளமின்றியும் இருந்தால் குறைந்த நீரே போதும். மிதவையில் அமர்ந்து செல்லும் சறுக்குகளுக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். நீரின் அளவைச் சரிசெய்ய வால்வை இறுக்குவதைவிட, மோட்டாரின் வேகத்தையே மாற்றும் கருவி மேலானது. வால்வை இறுக்குவது, பிரேக்கை மிதித்துக்கொண்டே வண்டியை முடுக்குவதற்கு ஒப்பாகும். எனினும் வடிவமைத்தவர் குறித்த அளவுக்குக் கீழே நீரைக் குறைக்கலாகாது. குறைத்தால் சறுக்குபவர் பாதியில் நின்றுவிட, பின்னால் வருபவர் மோத நேரிடும். பிள்ளைகளின் பாதுகாப்பை விலையாகக் கொடுத்துப் பெறுவது சிக்கனமன்று.

அதே நீர்தானே சுற்றி வருகிறது, இழப்பேது என்று எண்ணிவிடாதீர்கள். 1,000 சதுர மீட்டர் குளத்தில் வெயிலால் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் குறைந்தாலே 5,000 லிட்டர் போய்விடும். தெறித்துச் சிந்துவதும் மணல் வடிகட்டியைக் கழுவிக் கொட்டுவதும் தனிக்கணக்கு. வளைவுகளில் விளிம்பை உயர்த்தினால் தெறிப்பு குறையும். சறுக்கின் முடிவில் அகன்ற குளத்திற்குப் பதிலாக ஆழமற்ற நீண்ட தடம் அமைத்தால், அதில் தேங்கும் நீரே வேகத்தைத் தணித்து நிறுத்தும். வெயிலில் காயும் நீர்ப்பரப்பும் சுருங்கும். நிழற்கூரையும் துணைபுரியும்.

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது மாநகரம் குடங்களுடன் லாரிகளுக்குக் காத்துக் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நம் கள்ளக்குறிச்சிப் பகுதியிலோ, 46 அடி கோமுகி அணை நிரம்புமா என்று ஆண்டுதோறும் உழவர்கள் வானத்தைப் பார்க்கிறார்கள். பூங்காவுக்காக ஆழ்குழாயில் உறிஞ்சப்படும் நீரும், பக்கத்து வயலின் கிணற்று நீரும் ஒரே நிலத்தடியிலிருந்துதான் வருகின்றன.

பிள்ளைகள் விளையாடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆளில்லாத சறுக்கில் நெடுநேரம் நீர் ஓடுவதைக் கண்டால் பொறுப்பாளரிடம் காரணம் கேளுங்கள். கட்டணம் செலுத்துபவர்கள் கேட்கத் தொடங்கினால், கட்டுபவர்களும் கணக்குப் பார்க்கத் தொடங்குவார்கள்.